பல்லன் என்று பெயர் வைத்துக்கொண்டவன்

எட்சேக்குச் சொந்தப் பெயர் கிடையாது. இதை முகத்துக்கு நேரே யாராவது சொன்னால் சட்டையைப் பிடிக்க வருவான். ஆனால் ஐம்பது வயது வரை அவன் உள்ளுக்குள் புழுங்கியது இதற்காகத்தான். எங்கள் எவே இனத்தில் இரட்டை ஆண்பிள்ளைகள் பிறந்தால் முதலில் வந்தவன் அட்சு, அடுத்து வந்தவன் எட்சே. யாரும் உட்கார்ந்து யோசித்து வைக்கிற பெயர் இல்லை அது. மருத்துவச்சி தொப்புள்கொடியை அறுக்கும்போதே முடிவாகிவிடும். வோல்ட்டா ஏரியில் எங்கள் கெபிடோர்னு கரையில் நின்று "எட்சே!" என்று ஒரு சத்தம் போட்டால் நாலு தலைகள் திரும்பும். மூன்று தலைகள் ஏதோ வேலையாகக் குனிந்திருந்து நிமிரும். நாலாவது, வேப்பமர நிழலில் சும்மா கிடந்த தலை. அதுதான் இவன்.

அண்ணன் அட்சு இவனுக்குக் கால்மணி நேரம் மூத்தவன். அந்தக் கால்மணி நேரத்துக்குள் உழைப்பு, வெட்கம், பொறுப்பு எல்லாவற்றையும் அவனே வாரிச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டான் போலிருக்கிறது. பின்னால் வந்தவனுக்குப் பசி மட்டும்தான் மிச்சம் இருந்தது. அட்சுவுக்குப் படகு இருந்தது, வலை இருந்தது, அஃபிவி என்று ஒரு மனைவி, டெலாலி முதலாக மூன்று பெண்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எட்சேயின் தூக்கத்தைக் கெடுத்த ஒன்று அவனிடம் இருந்தது. அட்சுவுக்கு ஒரு கள்ளுப் பெயர் இருந்தது.

ஆளாகி நாலு பேர் மதிக்க நிற்கிறவன் கள்ளுக் கொட்டகையில் ஒரு பெயர் சூட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். அதற்கு இரண்டு பாதி உண்டு. ஒருவர் முன்பாதியைக் கூப்பிட, சுற்றி இருப்பவர்கள் பின்பாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். ஒருமுறை சூட்டிக்கொண்டால் மாற்ற முடியாது. சவக்குழி வரைக்கும் கூடவே வரும். அட்சுவைப் பார்த்து "பாறை!" என்று யாராவது கூவினால் போதும், "சுத்திப் போங்கடா!" என்று கொட்டகையே அதிரும். ஏரிக்குள் மூழ்கிக் கிடக்கும் பழைய மரக்கட்டை ஒன்றில் படகு மோதி அட்சு போய்ச் சேர்ந்தபோது, குழிக்கரையில் முந்நூறு பேர் அந்தப் பின்பாதியைச் சொன்னார்கள். எட்சே தேம்பித் தேம்பி அழுதான். தம்பிக்கு எவ்வளவு பாசம் என்று வெளியூர்க்காரர்கள் நெகிழ்ந்துபோனார்கள். அண்ணனுக்காக அவன் அழவில்லை. அந்த முந்நூறு குரலுக்காக அழுதான்.

பிள்ளைகள் பெண்பிள்ளைகள், சின்னவர்கள் என்று சொல்லிப் படகும் வலையும் சித்தப்பன் கைக்கு வந்தன. படகு ஓட்ட வந்தவர்கள் அட்சுவின் முகத்துக்காக வந்தார்கள். எட்சே முனையில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணினான். வலைக்கயிறு இழுக்கும்போது எந்த இடத்தில் நிறையக் கைகள் இருக்கின்றனவோ அங்கே போய்ச் செருகிக்கொள்வான். ஏலப்பாட்டுக்கு வாய் மட்டும் அசையும். கயிறு இழுக்கிறவன் உள்ளங்கையைத் தொட்டால் தெரிந்துவிடும். எட்சேயின் உள்ளங்கை பள்ளிக்கூடத்து வாத்தியாருடையதைப் போல வழவழவென்று இருந்தது.

சாப்பாடு அண்ணி வீட்டில். மக்காச்சோளக் களியும் வெண்டைக்காய்க் குழம்பும் இறங்குகிற நேரம் அவனுக்கு மூக்கில் வியர்த்துவிடும். குழம்பில் ஒரே ஒரு மீன்துண்டு கிடந்தாலும் அது எப்படியோ நீந்தி அவன் கிண்ணத்துக்கு வந்து சேரும். பிள்ளைகள் வெறும் குழம்பைத் தொட்டுக்கொண்டு களியை விழுங்கும். டெலாலி தையல் பழகட்டும் என்று அவள் அப்பன் வாங்கி வைத்திருந்த கைமெஷினைக்கூட, "ஈரத்துல துருப்பிடிச்சுரும், எங்கிட்ட பத்திரமா இருக்கட்டும்" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் அறையில் அதன் மேல் ஒரு பலகையைப் போட்டுக் கண்ணாடியும் சீப்பும் வைத்திருந்தான். தன்னைவிடப் பெரியவன் ஒருத்தனிடமிருந்து அவன் எதையாவது பிடுங்கியதை இந்தக் கரையில் ஒருவரும் பார்த்ததில்லை.

ஒருநாள் காலை வலையின் மடியைப் படகுக்குள் கவிழ்த்தார்கள். வழக்கமான மீன்தான்: விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமாக, கண்ணாடி மாதிரி, கூடை கூடையாக. ஒருவன் ஒரு வேளைக்கு ஆயிரம் தின்பான் என்பதால் சந்தையில் அதற்கு 'ஒருத்தனுக்கு ஆயிரம்' என்றே பெயர். அந்த வெள்ளிக் குவியலுக்குள் சுட்டுவிரல் நீளத்தில் ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. அதுவும் அதே சாதிதான், அதே செதில், அதே மினுக்கு. ஆனால் கீழ்த்தாடை முன்னால் துருத்திக்கொண்டு, அதில் ஊசிமுனை ஊசிமுனையாகப் பற்கள். ஏரியிலும் இருக்கும், ஆறு இறங்கிப் போய் உப்புக் கலக்கிற இடத்திலும் இருக்கும். பல்லன் என்போம். எட்சே அதைக் கையில் எடுத்தான். அதன் வாய்க்குள்ளிருந்து ஒரு குட்டி மீனின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"வலையில மாட்டின பொறகும் விடலையே, பாத்தியா! எம்மாத்தூண்டு இருந்துக்கிட்டு என்ன தைரியம்டா இதுக்கு!"

துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த ஹோடோர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சொந்தக்காரனைத் திங்கிறதுக்குத் தைரியம் எதுக்குடா? அத்தனை கூட்டத்துக்கு நடுவுல வாயைத் தொறந்து வச்சாலே போதும்."

எட்சே அதைக் காதில் வாங்கவில்லை. தனக்கு வேண்டிய பேச்சைத் தவிர வேறெதையும் கேட்டு அவனுக்குப் பழக்கமில்லை. அந்த மீனை உள்ளங்கையில் வைத்துக் கரை வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தான். ஐம்பது வருஷம் கழித்து அவனுக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

அந்த வாரமே கொட்டகையில் பெயர் சூட்டு. சாராயம் அவன் செலவு என்றதும் எழுந்திருக்க முடியாத கிழவர்கள்கூட வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எட்சே அண்ணனின் பெட்டியிலிருந்து எடுத்த வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றான். "பல்லன்னு கூப்பிடணும். சின்ன வாய், காலியா இருந்ததில்லைன்னு முடிக்கணும்" என்று அறிவித்தான்.

ஊற்றிக்கொண்டிருந்த கடைக்காரி எனியோவின் கை நின்றது. கடை வைப்பதற்கு முன்னால் அவள் பத்து வருஷம் பெண்களோடு உட்கார்ந்து, காயப்போடுகிற மீனைப் பொறுக்கிப் பிரித்தவள்.

"அண்ணே, நல்லா யோசிச்சுட்டீங்களா? இது அப்பறம் மாத்த முடியாதே."

"யோசிக்காமலா வருவேன்?"

"இல்ல, பொம்பளைங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"பேரு வைக்கிறதைப் பத்திப் பொம்பளைங்களுக்கு என்ன தெரியும்? நீ ஊத்து."

ஊற்றினாள். மீன் பொறுக்குகிற மனைவிகளுக்குப் புருஷர்களான இரண்டு கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓசிச் சாராயத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவன் வாயைத் திறப்பான்? மூன்று முறை கூப்பிட்டார்கள், மூன்று முறை முடித்தார்கள், பெயர் நிலைத்துவிட்டது. எட்சே அன்று நடந்து வீட்டுக்குப் போகவில்லை, மிதந்துகொண்டு போனான்.

ஐம்பது வருஷம் அந்தக் கரையில் தின்று வளர்ந்தவன், வலைக்கும் தன் கிண்ணத்துக்கும் நடுவில் மீனுக்கு என்ன நடக்கிறது என்று ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. மடியைக் கரையில் கொட்டிவிட்டால் ஆண்களின் வேலை முடிந்தது. பிறகு பெண்கள் அதை அள்ளிக்கொண்டு போய்த் தட்டைப்பாறையில் பாய் விரித்துக் காயப்போடுவார்கள். அங்கே ஆண்கள் காலை வைக்கக் கூடாது. சின்ன மீன் இரண்டு வெயிலில் சருகாகக் காய்ந்துவிடும். பல்லன் மட்டும் காயாது. அதன் வயிற்றுக்குள் இன்னும் நாலு மீன் அரைகுறையாகக் கிடக்குமே, அது ஊறி, வயிறு வெடித்து, பக்கத்தில் இருப்பதையெல்லாம் கறுக்கடித்துவிடும். ஒரு பல்லன் கிடந்தாலும் அக்ராவிலிருந்து வருகிற வியாபாரிப் பெண் முகர்ந்து பார்த்துவிட்டுக் கூடையைத் தள்ளிவிடுவாள். அதனால் பொறுக்குகிறவள் கண்ணில் ஒன்று பட்டால் "பல்லன்!" என்று குரல் கொடுப்பாள். மற்றவர்களும் தங்கள் பாயில் பார்க்கட்டும் என்றுதான் அந்தக் குரல். உடனே மற்ற எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் "எடுத்து எறி!" என்பார்கள். அது வாத்துக்குப் போகும். நாள் முழுக்க இது நடக்கும்; வேப்பமர நிழலில் கிடந்த எட்சேக்கு அது காக்கைச் சத்தம் மாதிரி, காதில் ஏறியதே இல்லை. அந்தப் பெண்களின் அம்மாக்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

எனியோ மறுநாள் காலையில் பாறைக்கு வந்து செய்தியைச் சொன்னபோது பெண்கள் பாயில் உருண்டார்கள். ஒருத்திக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. அஃபிவிதான் அதட்டினாள். "வேலையப் பாருங்கடி. அவன் காதுல யாரும் போட வேண்டாம். ஒரு பேருக்காக அலைஞ்ச மனுஷன், வச்சுக்கிட்டுப் போகட்டும்." அவளுக்கும் சிரிப்பு வந்தது என்றாலும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

விஷயம் அத்தோடு போயிருக்கும். அந்த வருஷம் பழைய கரைத்தலைவர் கண் தெரியவில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். வலைத் தகராறு, படகு நிறுத்தும் இடம், வெளியூர் ஆட்கள் என எல்லாவற்றுக்கும் கரைத்தலைவர்தான் பேச வேண்டும். அவர் எங்கே போனாலும் தடிக்காரர் முன்னால் நடந்து அவர் கள்ளுப் பெயரைக் கூவுவார். கேட்கவா வேண்டும்? எட்சே முன்னால் வந்து நின்றான். வேடிக்கை என்னவென்றால் அவன் ஜெயிக்கிற மாதிரியே இருந்தது. பெரிய படகுக்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு, எவனையும் எதுவும் செய்ய முடியாத ஒருத்தனை உட்கார வைத்தால் நல்லது என்று முடிவு பண்ணியிருந்தார்கள். எதிரே நின்றவர் அமெவோர். நல்ல மனிதர், ஆனால் கேள்வி கேட்கிறவர். எட்சேக்கு நாற்காலிமேல் ஆசையே இல்லை. தினமும் ஒருத்தன் தன் பெயரைக் கூவுவான், நூறு பேர் அதை முடிப்பார்கள் என்ற ஒன்றுக்காக அவன் ஒரு மாதம் சரியாகத் தூங்கவில்லை.

சந்தைக்கு முதல்நாள் பகலில் வேப்பமரத்தடியில் கூட்டம். பெண்களால் வர முடியவில்லை. அன்று ஏரி நிறையக் கொடுத்திருந்தது, மறுநாள் வியாபாரிகள் வருகிறார்கள். முப்பது அடி தள்ளிப் பாறையில் நூறு பெண்கள் பாய்மேல் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். தடிக்காரர் அக்கரை ஊர்க்காரர், தொண்டை பெரிது. வழக்கப்படி இரண்டு பேரின் பெயரையும் மூன்று மூன்று முறை கூப்பிட வேண்டும், சபை முடிக்க வேண்டும், அதைக் கேட்டுப் பெரியவர்கள் தீர்மானிப்பார்கள்.

"இரும்பு!" என்றார் தடிக்காரர்.

"துருப்பிடிக்காது!" என்று அமெவோரின் ஆட்கள் சொன்னார்கள். பாதிப் பேர் சொல்லவில்லை. எட்சேக்குக் கண் மின்னியது. வேட்டியை உதறிச் சரிசெய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்தி ஒரு அடி முன்னால் வந்தான். தடிக்காரர் மூச்சை நிறைத்துக்கொண்டார்.

"பல்லன்!"

ஆண்கள் வாயைத் திறப்பதற்குள் பாறையிலிருந்து வந்தது. நூறு குரல்கள், ஒருத்தியும் தலை நிமிரவில்லை, கை நிற்கவில்லை.

"எடுத்து எறி!"

கூப்பிட்டது யாருடைய குரல் என்று பாறையில் பெண்கள் அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார்கள். தடிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தக் கரையில் இப்படித்தான் முடிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தார். கடமையிலிருந்து வழுவாத மனிதர், இன்னும் பலமாக இரண்டாவது தடவை கூப்பிட்டார். இந்த முறை பெண்கள் தெரிந்தே சொன்னார்கள். மூன்றாவது தடவை ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். எட்சேயை ஆதரிக்க வந்த பெரிய படகுக்காரர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அமெவோர் தலைவரானார்.

அன்று மாலையே எட்சே அண்ணி வீட்டுக்கு வந்தான். முதலில் களியைச் சாப்பிட்டு முடித்தான். கோபம் வேறு, வயிறு வேறு. பிறகு கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்தான்.

"அண்ணி, நீங்க வேணும்னே பண்ணினீங்க."

"கொழுந்தனாரே, முதல் தடவை சத்தியமா தெரியாது. அந்தப் பேரைக் கேட்டா வாய் தானா சொல்லுது. எங்கம்மா காலத்துலருந்து சொல்லிக்கிட்டு இருக்கோம்."

"ரெண்டாந்தடவை?"

"ரெண்டாந்தடவை கொஞ்சம் ஆசையா இருந்துச்சு."

"அந்த மீனுக்கு இனிமே பல்லன்னு சொல்லக் கூடாது. அது என் பேரு. சாராயம் ஊத்தி வச்ச பேரு. நீங்க சொன்னா பொம்பளைங்க கேப்பாங்க. மாத்தச் சொல்லுங்க."

அஃபிவி அடுப்பிலிருந்த விறகைத் தள்ளிவிட்டாள். மூலையில் டெலாலி பழைய துணியைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். அஃபிவி மகளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"அந்தத் தையல் மெஷினை இப்பவே கொண்டாந்து இவ முன்னால வச்சிருங்க. நாளைலருந்து மீனுக்கு வேற பேரு."

"அண்ணன் மேல சத்தியமா?"

"அவர் மேல சத்தியம். ஒருத்தி வாயிலயும் பல்லன்னு வராது."

எட்சே மிதப்பாக எழுந்து போனான். கண்ணாடியையும் சீப்பையும் கட்டிலில் போட்டுவிட்டு மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினான். வாழ்க்கையிலேயே அவன் தூக்கிய பெரிய சுமை அதுதான். டெலாலி கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தாள். துருப்பிடித்திருந்தது. எட்சே வாசல்படியில் நின்று திரும்பினான்.

"ஆமா, புதுசா என்ன பேரு வைப்பீங்க?"

"அது எங்க வேலை, கொழுந்தனாரே. பேரு வைக்கிறதைப் பத்திப் பொம்பளைங்களுக்கு என்ன தெரியும்னு நீங்கதான் சொன்னீங்களாமே. இனிமேத்தான் கத்துக்கணும்."

தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அவன் போய்விட்டான். மனிதர்கள்மேல் எனக்கு இரக்கம் வராமல் இல்லை. ஆனால் வெறும் குழம்பைத் தொட்டுக்கொண்டு மூன்று பிள்ளைகள் களி விழுங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்த மனிதன்மேல் இரக்கம் வருவது கஷ்டம்.

மறுநாள் சந்தை நாள். எட்சே தோளில் வேட்டியைப் போட்டுக்கொண்டு, யாராவது பல்லன் என்று கூப்பிடுவார்களா என்ற நப்பாசையுடன் கரையோரமாகப் பாறையைத் தாண்டி நடந்தான். பெண்கள் அவனைப் பார்க்கக்கூட இல்லை. அவ்வளவு மும்முரம். பாறையின் நடுவிலிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது.

"எட்சே!"

ஐம்பது வருஷப் பழக்கம். தலை திரும்பிவிட்டது. "என்ன?" என்றான்.

"எடுத்து எறி!" என்றன நூறு குரல்கள்.

டெலாலி ஒரு பல்லனின் வாலைப் பிடித்துத் தூக்கியிருந்தாள். அது அவன் காலடிக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. ஒரு வாத்து ஓடிவந்து கவ்விக்கொண்டு போனது.

அவனுக்கு முகம் சாம்பலாகிவிட்டது. "ஏய்! பெத்த அப்பனோட கூடப்பொறந்தவனைப் பேர் சொல்லியா கூப்பிடுற?"

"உங்களை இல்ல சித்தப்பா" என்றாள் டெலாலி, அடுத்த கைப்பிடி மீனைப் பரப்பிக்கொண்டே. "மீனை."

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்தப் பெயர் கரையைத் தாண்டிச் சந்தைக்குப் போய், அங்கிருந்து அக்கரை ஊர்களுக்கும் போய்விட்டது. மற்ற மூன்று எட்சேக்களும் முதல் மாதமே தேவாலயத்துப் பாதிரியாரிடம் போய், ஒருவர் டேனியல், ஒருவர் மோசஸ், ஒருவர் கிளமென்ட் என்று மாறிக்கொண்டார்கள். இப்போது எங்கள் கரையில் நின்று எட்சே என்று கூப்பிட்டால் ஒரே ஒரு தலைதான் திரும்பும்.